கன்னத்து ஊசி: யார் முகத்தில் சோதித்தார்கள்?

கன்னம் ஒட்டிப்போச்சு, ஃபில்லர் போடட்டுமான்னு அக்கா கேட்டா. விலை இருக்கட்டும், யார் முகத்துல சோதிச்சாங்கன்னு நான் தேடினேன்.

கன்னத்துக்கான வொலூமாவை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013-ல் அனுமதித்தது. சோதனையில் சிலருக்கு ஊசி. மற்றவர்கள் ஊசியில்லாமல் காத்திருந்தார்கள். யாருக்குப் போட்டதுன்னு அறியாத மருத்துவர்கள் 6 மாதம் கழித்து மதிப்பிட்டார்கள். நியாயமான முறைதான்.

ஆனால் 2003-ல் இதே வகை ஜெல்லான ரெஸ்டிலேன் வந்தபோது, கருந்தோலில் தழும்பு, கருமை வருமான்னு பார்க்கும் தனி ஆய்வு அனுமதிக்குப் பிறகுதான் நடந்தது. கொசு கடிச்சாலே நம்ம தோலில் கருப்பு தங்கும்! அதனால் நம்ம நிறத்தவருக்குப் போட்ட படங்களைக் கேளுங்க. ஜெல் ரத்தக்குழாயை அடைத்தால் கரைக்கும் ஹயலுரானிடேஸ் கையில் இருக்கான்னும் கேளுங்க.

மகள் கேட்டால்? இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் 18 வயதுக்குக் கீழ் அழகுக்காக ஃபில்லர் போடுவது குற்றம்.