இருக்கிறவங்களை வச்சுக்கலாமா... எல்லாரையும் மாத்தலாமா? சென்னையின் எப்.சி. ரசிகர்களின் தீராத பஞ்சாயத்து!

கிரிக்கெட் சீசன் முடிந்தால் ரசிகர்கள் டி.வி.யை அணைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சென்னையின் எப்.சி. கால்பந்து ரசிகர்கள் கதையே வேறு. சீசன் முடிந்த பிறகுதான் அவர்களுக்கு நிஜமான ஆட்டம் ஆரம்பம்!

யாரு போறான், யாரு வர்றான், கோச் இருப்பாரா, அடிக்கிறதுக்கு ஆள் இருக்கா... வியாசர்பாடி, ராயபுரம் டீக்கடைகளில் இருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் வாசல் வரை இதே பேச்சுதான். 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்று தனித்தனி ரசிகர் படைகள் இருந்தாலும், பஞ்சாயத்து என்னவோ ஒன்றுதான்.

ஒரு கோஷ்டி, ஜெயிச்ச டீமை கலைக்காதே என்கிறது. இன்னொரு கோஷ்டி, வீட்டை மொத்தமா சுத்தம் பண்ணு, அப்பதான் விடிவு என்கிறது. இரண்டு பேரிடமும் கைவசம் ஆதாரம் இருக்கிறது. அதனால்தான் இந்த சண்டை இத்தனை வருஷமாக ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒப்பந்தம் என்றால் என்ன?

முதலில் ஒரு சின்ன விளக்கம். கால்பந்தில் ஒரு வீரர் கிளப்புடன் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒப்பந்தம் போடுவார். அது முடிந்துவிட்டால் அவர் சுதந்திரப் பறவை. எந்த கிளப்புக்கு வேண்டுமானாலும் போகலாம். பழைய கிளப்புக்கு ஒரு பைசா கிடைக்காது. ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போதே வேறு கிளப்புடன் பேச ஆரம்பிக்கலாம் என்பதும் விதி.

ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போது ஆளைத் தூக்க வேண்டுமென்றால், வாங்குகிற கிளப் பணம் கட்ட வேண்டும். அதுதான் டிரான்ஸ்பர். கொஞ்ச நாளைக்கு மட்டும் இரவல் கொடுத்து வாங்குவதும் உண்டு. அதற்குப் பெயர் லோன்.

இதெல்லாம் வருஷம் முழுக்க நடக்காது. சீசன் முடிந்தபின் ஒரு முறையும், ஜனவரியில் ஒரு முறையும் கதவு திறக்கும். கதவு மூடினால் மூடினதுதான். அதனால்தான் அந்த சில வாரம் ரசிகர்கள் போனை கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார்கள்.

வெள்ளத்தில் வந்த கோப்பை

சென்னையின் எப்.சி. 2014-ல் தொடங்கப்பட்டது. முதல் வருஷமே அரை இறுதி வரை போனார்கள். பிரேசில் வீரர் எலானோ 8 கோல் அடித்து, அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர் என்ற பெயரை தட்டிச் சென்றார்.

2015-ல் நடந்ததை சென்னைக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள். பாதி சீசனில் டீம் அடிமட்டத்தில் கிடந்தது. டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் தத்தளித்தது. சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரை இறுதியை புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்து, டிசம்பர் 20-ந்தேதி கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் எப்.சி. கோவாவை 3-2 என்று வீழ்த்தினார்கள். கடைசி நேரத்தில் வெற்றி கோல் அடித்தவர் கொலம்பியா வீரர் மெண்டோசா. அந்த சீசனில் அவர் அடித்தது மொத்தம் 13 கோல்!

அடுத்த வருஷம் என்ன ஆச்சு? எலானோவும் இல்லை, மெண்டோசாவும் இல்லை. கோச் மாட்டெராசி மட்டும் இருந்தார். 8 அணிகளில் சாம்பியன் டீமுக்கு கிடைத்தது 7-வது இடம்.

பார்த்தியா, கலைச்சா இதுதான் கதி என்று முதல் கோஷ்டி இன்றைக்கும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறது.

வச்சுக்கிட்டும் தோத்தாங்க!

ஆனால் இரண்டாவது கோஷ்டி சும்மா விடுமா? அவர்கள் எடுத்துப் போடுவது 2018-ம் ஆண்டை.

2017-ல் ஜான் கிரிகோரி கோச்சாக வந்தார். பழைய இந்திய வீரர்களில் ஜேஜேவையும் கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கையும் தக்கவைத்துக்கொண்டு, டீமைப் பெரும்பாலும் புதிதாகக் கட்டினார்கள். 2018 மார்ச் 17-ந்தேதி பெங்களூருவில், பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்து 2-வது கோப்பையைத் தூக்கினார்கள். டிபென்டர் மெயில்சன் தலையால் முட்டி 2 கோல், ரபேல் அகஸ்டோ ஒரு கோல்.

இந்த முறை டீமை பெரிசாகக் கலைக்கவில்லை. கோச் இருந்தார். மெயில்சன், ரபேல் அகஸ்டோ, கால்டெரோன், நெல்சன் என்று வெளிநாட்டு வீரர்கள் பலரும் இருந்தார்கள். போனது கேப்டன் செரெனோ. அதோடு வியாசர்பாடி பையன் தனபால் கணேஷ், முழங்கால் காயத்தால் அந்த சீசனே ஆட முடியாமல் போனது.

விளைவு? 18 ஆட்டத்தில் 2 வெற்றி. 9 புள்ளி. 10 அணிகளில் 10-வது இடம்!

ஐ.எஸ்.எல். போட்டியில் அப்போது கடைசி இடம் பிடித்தாலும் கீழ் லீக்குக்கு தள்ளப்படும் பயம் கிடையாது. அதனால் தப்பித்தார்கள். வேறு நாடாக இருந்தால் அந்தத் தப்புக்கு பல வருஷம் அனுபவித்திருக்க வேண்டும்.

அடுத்து மொத்தமாக சுத்தம் செய்தார்கள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, கோயன், ஷெம்ப்ரி என்று புது வெளிநாட்டு பட்டாளம் வந்தது. முதல் 6 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. கிரிகோரி விலகினார். 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அதன் பிறகு டீம் ஓடின ஓட்டத்தில் நேராக இறுதிப்போட்டி! வால்ஸ்கிஸ் 15 கோல். 2020 மார்ச் 14-ந்தேதி, கொரோனா பயத்தில் ஆள் இல்லாத கோவா ஸ்டேடியத்தில் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். தோற்றாலும், கடைசி இடத்தில் இருந்த டீம் ஒரே வருஷத்தில் பைனல் வந்ததே பெரிய விஷயம்தான்.

அப்ப மொத்தமா மாத்துறதுதானே சரி என்கிறது இரண்டாவது கோஷ்டி.

கோச் போனார், கோப்பையும் போச்சு

2020 பைனல் முடிந்ததும் இடி விழுந்தது. கோச் கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார். அவர் பின்னாடியே வால்ஸ்கிஸ்சும் போனார். சென்னையின் எப்.சி. 8-வது இடத்துக்கு இறங்கியது. 20 ஆட்டத்தில் 11 டிரா. பந்து கோல் பக்கம் போகும், உள்ளே தள்ளத்தான் ஆள் இல்லை. 2021-22, 2022-23 சீசன்களிலும் அதே 8-வது இடம்தான்.

இங்கே விட்ட கோய்ல், 2021-22 சீசனில் ஜாம்ஷெட்பூர் அணியை லீக் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோய் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். ரசிகர்களுக்கு வயிறு எரியாதா?

சரி, அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். 2023-24-ல் 6-வது இடம் பிடித்து பிளே-ஆப் போனார்கள். பரவாயில்லையே என்று நினைத்தால், அதே கோச் இருந்த 2024-25 சீசனில் 13 அணிகளில் 11-வது இடம். ஆக, கோச்சை வைத்துக்கொண்டாலும் கரைசேரும் என்று சொல்வதற்கில்லை.

உண்மையில் எங்கே ஓட்டை?

இரண்டு கோஷ்டி கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. சண்டை எல்லாம் வெளிநாட்டு வீரர்களைப் பற்றியே நடக்கிறது. ஓட்டை இருப்பதோ வேறு இடத்தில்.

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். இந்தியர்கள் 5 பேர்தான். 2017-18-ல் வெளிநாட்டவர் 5 ஆனது. 2021-22-ல் 4 ஆகக் குறைத்தார்கள். அதாவது 11 பேரில் குறைந்தது 7 பேர் இந்தியர்கள்!

இந்த ஒரு விதி ஆட்டத்தையே மாற்றிவிட்டது. வெளிநாட்டு வீரர் ஒருவர் போனால் பிரேசில், ஸ்பெயின், ஸ்காட்லாந்து என்று உலகம் முழுக்க தேடி இன்னொருவரைக் கொண்டு வரலாம். நல்ல இந்திய வீரர் போனால்? அவருக்கு ஈடாக நாட்டில் இருப்பதே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அவர்களையும் பெரிய கிளப்புகள் நீண்ட ஒப்பந்தம் போட்டு கட்டிப்போட்டிருக்கும்.

இப்போது 2020 பைனல் டீமில் இருந்த இந்திய வீரர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள்.

சாங்தே 2022-ல் மும்பை போனார். 2022-23 சீசனின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

கோல்கீப்பர் விஷால் கைத் 2022-ல் மோகன் பகான் போனார். அதே 2022-23 சீசனில் சிறந்த கோல்கீப்பருக்கான தங்க கையுறை. கோப்பையும் கிடைத்தது.

18 வயதில் சென்னைக்கு வந்து 7 வருஷம் ஆடி, கேப்டனாகவும் இருந்த அனிருத் தாபா 2023-ல் மோகன் பகான் போனார். அங்கே 2023-24-ல் லீக் ஷீல்டு, 2024-25-ல் ஷீல்டும் கோப்பையும்.

மூன்று பேரும் சென்னையில் இருந்து கிளம்பி மூன்று வருஷத்துக்குள் வேறு ஊரில் கொண்டாடினார்கள். அந்த 2020-க்கு அப்புறம் 2025 வரை சென்னையின் எப்.சி. ஒரு ஐ.எஸ்.எல். பைனலைக்கூடப் பார்க்கவில்லை. அணியின் முதுகெலும்பே கழன்று போனபிறகு, தலைக்கு எத்தனை கிரீடம் வாங்கி வைத்து என்ன பிரயோஜனம்?

வீரர்கள் மேலும் குற்றம் சொல்ல முடியாது. கால்பந்து வீரனின் காலம் ரொம்பச் சின்னது. முழங்காலில் ஒரு காயம் பட்டால் போதும், எல்லாம் தலைகீழ். நல்ல சம்பளமும் கோப்பை வாய்ப்பும் வந்தால் போகத்தான் செய்வான்.

நம்ம ஊரு பசங்க எங்கே?

ரசிகர்களின் இன்னொரு மனக்குறை நம்ம ஊர் பையன்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை கடற்கரையில் வளர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2020 பைனலில் சென்னையைத் தோற்கடித்த ஏ.டி.கே. அணியில்தான் இருந்தார். சிவகங்கை மாவட்டம் கண்டனூர் பையன் சிவசக்தி, பெங்களூரு அணிக்கு ஆடி 2022-23 சீசனின் சிறந்த வளரும் வீரர் விருது வாங்கினார். சென்னைப் பையன் நந்தகுமார், 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகான் வலையில் கோல் அடித்து கொல்கத்தாவையே தூக்கத்தில் இருந்து எழுப்பினார்.

மூவரும் தமிழ்நாட்டு மண்ணில் பந்து உதைத்துப் பழகியவர்கள். கொண்டாடியது அடுத்த ஊர் ரசிகர்கள்.

அதற்காக சென்னையின் எப்.சி. உள்ளூர் பையன்களை எடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரை இறுதியில் தனபால் கணேஷ் கோல் அடித்தபோது வியாசர்பாடியே குதித்தது. நெய்வேலிக்காரர் எட்வின் வன்ஸ்பாலும் நீல சட்டை போட்டவர்தான். எண்ணிக்கை போதாது என்பதுதான் ரசிகர்கள் வாதம்.

சொந்த ஊர் பையன் ஆடினால் தெருவே டிக்கெட் வாங்கும். அவனும் சட்டென்று ஊரை விட்டுப் போக யோசிப்பான். கிளப்புக்கு இரண்டு வகையிலும் லாபம். இதற்கு கோடிக்கணக்கில் கொட்ட வேண்டாம். வடசென்னையிலும் குமரிக் கடற்கரையிலும் 12, 13 வயதிலேயே பையனைக் கண்டுபிடித்து வளர்க்கிற பொறுமை வேண்டும்.

பஞ்சாயத்துக்கே ஆபத்து வந்த வருஷம்

இந்த சண்டையெல்லாம் கூட ஒரு சந்தோஷம்தான் என்பதை ரசிகர்கள் 2025-ல் தெரிந்துகொண்டார்கள்.

அந்த வருஷம் ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டது. இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புது ஒப்பந்தம் ஆகவில்லை. வருமானம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் சில கிளப்புகள் கையைப் பிசைந்தன. ஆகஸ்டில் சென்னையின் எப்.சி.யும் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. கோய்லுக்குப் பதிலாக கிளிபோர்ட் மிராண்டாவை புது கோச்சாக அறிவித்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

யாரை வச்சுக்கலாம், யாரை விடலாம் என்ற பேச்சு போய், டீம் இருக்குமா, இருக்காதா என்ற பேச்சு வந்தது. கோயமுத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து 2019-ல் ஐ லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணி, அதன்பின் சில வருஷத்திலேயே காணாமல் போனதை கண்ணால் பார்த்தவர்கள் ஆயிற்றே. பயம் வராமல் இருக்குமா?

கடைசியில் 2026 பிப்ரவரி 14-ந்தேதி லீக் தொடங்கியது. 14 அணிகள், ஆளுக்கு 13 ஆட்டம், மொத்தம் 91 ஆட்டம் என்று சுருக்கமான சீசன். சுருக்கமோ, நீளமோ, பந்து உருண்டதே என்று ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

பந்து உருண்டால் பஞ்சாயத்தும் கூடவே வரும். ஸ்டிரைக்கர் வேணும், டிபென்ஸ் வேணும், அந்த ஆளை ஏன் விட்டாங்க என்று டீக்கடை பெஞ்சில் சண்டை தொடரும். தொடரட்டும். ஆனால் வெளிநாட்டில் இருந்து யார் வருகிறார் என்று விமான நிலையத்தைப் பார்க்கும் கண், அடுத்த சாங்தேயும் அடுத்த தாபாவும் யார், அவர்களுடைய ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

3-வது கோப்பை விமானத்தில் வருமா, வியாசர்பாடி மைதானத்தில் இருந்து வருமா? பொறுத்திருந்து பார்க்கலாம்!