கட்டி தட்டாத ஹாட் சாக்லேட்

கொதிக்கும் பாலில் கோகோ தூளைக் கொட்டினால் அது மூழ்காது. பாலைவிட அடர்த்தி கூடிய பொருள்தான்; இருந்தும் மேலேயே மிதக்கும், பாத்திரத்தின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும், கரண்டியால் அழுத்தினால் உருண்டை உருண்டையாகத் திரளும். அப்படி ஓர் உருண்டையை எடுத்து நசுக்கினால் உள்ளே தூள் காய்ந்த நிலையிலேயே இருக்கும். பாலுக்குள் கிடந்து கொதித்த பொருள் நனையாமல் தப்புவது எப்படி என்று தெரிந்துவிட்டால் வீட்டு ஹாட் சாக்லேட்டில் பெரும்பகுதி தெரிந்ததாகிவிடும். மிச்சம் சர்க்கரை.

ஹைதராபாத்தில் இந்தப் பானத்துக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. டைம் இதழ் 2024-ல் வெளியிட்ட 'உலகின் மகத்தான இடங்கள்' பட்டியலில், பஞ்சாரா ஹில்ஸில் அதற்கு முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட மனம் சாக்லேட் இடம்பெற்றது. அங்கே பயன்படும் கோகோ, ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதியில் விளைவது. தென்னைக்கு ஊடுபயிராக கோகோ செழிக்கும் அந்தப் பகுதியால்தான் ஆந்திரம் இன்று இந்தியாவின் கோகோ விளைச்சலில் முன்னணியில் நிற்கிறது. டிசம்பர் குளிரில் நகரத்து கஃபேக்களின் பலகைகளில் 'ஒரே தோட்டத்துக் கோகோ', 'கைவினைக் கோகோ' என்றெல்லாம் எழுதியிருப்பதைக் காணலாம். கொட்டையைப் புளிக்க வைப்பதிலும் வறுப்பதிலும் சுவை உருவாகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு கோப்பைப் பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த பிறகு, தோட்டத்தின் பெயரைச் சொல்லக்கூடிய நாக்குகள் மிகக் குறைவு. கட்டி தட்டியிருப்பதை எந்த நாக்கும் கண்டுபிடித்துவிடும்.

கட்டிக்கு முதல் காரணம் கொழுப்பு. வறுத்த கோகோ பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்புதான்; அதைப் பிழிந்தெடுத்த பிறகு எஞ்சும் பிண்ணாக்கை அரைத்தால் கோகோ தூள். எவ்வளவு பிழிந்தாலும் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு கொழுப்பு தூளில் தங்கிவிடும்; சில ரகங்களில் இருபதுக்கு மேலும் விட்டுவைப்பார்கள். இந்தக் கொழுப்பு துகள்களின் மேற்பரப்பில் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. தூளின் துகள்களுக்கு இடையே எண்ணற்ற நுண்ணிய இடுக்குகள் உண்டு. துகள் நீரை விரும்பும் பொருளாக இருந்தால் அந்த இடுக்குகள் திரி எண்ணெயை இழுப்பதுபோல் பாலை உள்ளே இழுத்துவிடும். கொழுப்பு பூசிய இடுக்கில் இந்த இழுப்பு மிகவும் சோர்ந்துவிடுகிறது. பூச்சு கனமாக உள்ள இடங்களில் பாலை வெளியே தள்ளவும் செய்கிறது. இடுக்குகளில் அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல் தூளை மிதக்க வைக்கிறது.

பாலைச் சூடாக்கினால் நிலைமை சீராக வேண்டும். கோகோ கொழுப்பு 34 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும். சூடு ஏற ஏறப் பாலின் பரப்பு இழுவிசையும் குறையும். இரண்டும் நனைவதற்குச் சாதகமானவை. இங்கேதான் இரண்டாவது பேர்வழி குறுக்கே வருகிறது. கோகோ தூளில் கணிசமான மாவுச்சத்து இருக்கிறது. 60 டிகிரியைத் தாண்டினால் அந்த மாவு மணிகள் நீரை உறிஞ்சி ஊதி, பசையாகத் தொடங்கும். கொதிக்கும் பாலில் விழுந்த தூள் குவியலின் வெளிப்பக்கம் நொடிகளில் நனைகிறது, நனைந்த வேகத்திலேயே பசையாகிறது; பசை அடைத்துக்கொண்ட இடுக்குகள் வழியே பால் மேற்கொண்டு நுழைய முடியாது. வெளியே ஈரச் சுவர், உள்ளே உலர்ந்த தூளும் சிறைப்பட்ட காற்றும். கட்டி தயார்.

ஹைதராபாத்வாசிகளுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். நகரத்தின் மேற்கே அப்படி ஒன்று கருங்கல்லில் நிற்கிறது. 1687-ல் கோல்கொண்டா கோட்டையை முற்றுகையிட்ட ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் வெளியே நின்று பீரங்கியால் அடித்தது, மதில் அசையவில்லை. மெல்லிய பாலில் கட்டியைக் கரண்டியால் துரத்துபவர் செய்வதும் இதே முற்றுகைதான், பலனும் ஏறக்குறைய அதேதான். கரண்டி வரும் திசையில் பால் ஓடுகிறது, பாலோடு கட்டியும் ஓடுகிறது. ஒரு திரவம் தன்னுள் கிடக்கும் பொருளைப் பிய்த்தெறியும் விசை, அந்தத் திரவத்தின் பாகுநிலையைப் பொறுத்தது. நீர்த்த பாலின் பாகுநிலை தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு அளவே என்பதால் அதற்குக் கோட்டையை உடைக்கும் வலு கிடையாது.

ஆகவே முற்றுகைக்கு முன்பே, மதில் எழாதபடி பார்த்துக்கொள்வதுதான் வழி. இதற்கு இயற்கை ஒரு சிறிய இடைவெளியை விட்டுவைத்திருக்கிறது: 34 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே. அந்த வெப்பநிலையில் கொழுப்பு உருகியிருக்கும், மாவு இன்னும் விழித்திருக்காது. விரல் பொறுக்கும் சூட்டில் இரண்டு மூன்று கரண்டி பாலோ தண்ணீரோ எடுத்து, ஒரு கோப்பைக்கு வேண்டிய இரண்டு தேக்கரண்டி கோகோவை அதில் போட்டுக் குழைக்க வேண்டும். திரவம் இவ்வளவு குறைவாக இருப்பது சிக்கனத்துக்காக அல்ல. கெட்டியான விழுதின் பாகுநிலை பாலைவிடப் பல நூறு மடங்கு அதிகம். கரண்டியின் ஒவ்வொரு அழுத்தமும் அப்படியே கட்டிகளுக்குள் இறங்கி அவற்றைக் கிழிக்கும். ஓடித் தப்பவும் இடமில்லை. விழுது பளபளப்பாக, சட்னிப் பதத்துக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான பாலை ஊற்றிக் கலக்கலாம். கேழ்வரகுக் கூழ் காய்ச்சுபவர்கள் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு உலையில் விடுவதும் மாவு முன்கூட்டி விழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கேழ்வரகில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் குளிர்ந்த நீர் போதும். கோகோவுக்கு வெதுவெதுப்பு வேண்டும். சமையல் குறிப்புகள் பலவும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'சிறிது குளிர்ந்த பாலில் கரைக்கவும்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. குளிர்ந்த பாலிலும் கரைக்கலாம், கை வலிக்கும்.

சர்க்கரையை முதலிலேயே உலர்ந்த கோகோவோடு கலந்துவைப்பது இன்னொரு உபாயம். கோகோ துகள்களுக்கு நடுவே புகுந்து உட்காரும் சர்க்கரை மணிகள், பால் பட்டதும் கரைந்து, தாங்கள் இருந்த இடத்தைப் பாலுக்கு வழியாக விட்டுக்கொடுக்கின்றன. கடையில் விற்கும் 'இன்ஸ்டன்ட்' ட்ரிங்கிங் சாக்லேட் தூள்கள் சட்டென்று கலப்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை உறையில் 'எமல்சிஃபையர் 322' என்ற பெயரில் காணலாம். அது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. அதன் மூலக்கூறில் ஒரு முனை கொழுப்போடு ஒட்டும், மறுமுனை நீரோடு உறவாடும். துகளின் கொழுப்புப் பூச்சில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பாலுக்குக் கதவைத் திறந்துவிடும். கோல்கொண்டாவும் கடைசியில் பீரங்கிக்கு விழவில்லை. உள்ளிருந்த அப்துல்லா கான் பன்னி என்ற தளபதி விலைபோய்ச் சிறுவாயில் ஒன்றைத் திறந்துவிட்டதால் விழுந்தது. லெசித்தினுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம், இது நூறு கிராம் தூளில் ஒரு சிட்டிகை இருந்தாலே வேலையை முடித்துவிடும் என்பதுதான்.

வரலாற்றைக் கேட்காமல் விடமாட்டார்கள் என்பதால் சுருக்கமாக: நடு அமெரிக்காவின் மாயர்களும் அஸ்டெக்குகளும் கோகோவைக் கொழுப்போடு அரைத்து, பாத்திரத்துக்குப் பாத்திரம் உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்கவைத்துக் குடித்தார்கள். 1828-ல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் கொழுப்பைப் பிழியும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. தூளைக் காரப்பொருளால் பக்குவப்படுத்தும் வழக்கமும் அந்தக் குடும்பத்திடமிருந்தே வந்தது. இந்தியாவுக்குக் கோகோ செடி முதலில் வந்து சேர்ந்தது 1798-ல், நம் குற்றாலத்துக்கு. அங்கே அது பெரிய பயிராகவில்லை. வணிகச் சாகுபடி 1960-களில் கேரளத்தில் தொடங்கி, பின்னர்தான் கோதாவரிக் கரைக்குப் போனது.

காரப்பொருள் ஊட்டிய தூள் அடர்ந்த நிறமும் மென்மையான சுவையும் கொண்டது. ஊட்டாத தூள் இளம்பழுப்பு நிறத்தோடு சற்றுப் புளிக்கும். முதல் வகை 'பாலில் நன்றாகக் கரையும்' என்று விளம்பரங்கள் சொல்வதில் ஒரு சொல் தவறு. எந்தக் கோகோவும் முழுதாகக் கரைவதில்லை. நல்ல தூள் 75 மைக்ரான் சல்லடையில் ஏறக்குறைய முழுவதும் இறங்கிவிடும், அவ்வளவு நுண்மையானது; ஆனால் துகள் துகள்தான். நனைந்து, காற்றை இழந்த பிறகு அது மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும். கோப்பையின் அடியில் தங்கும் சேறு அதுதான்.

படிவதைத் தள்ளிப்போட இதுவரை வில்லனாக இருந்த மாவுச்சத்தே கைகொடுக்கிறது. கட்டியில்லாமல் கலந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டால், கோகோவின் மாவு பானம் முழுவதும் சீராக ஊதி அதைக் கொழகொழப்பாக்கும். துகள்கள் இறங்கும் வேகம் குறையும். கடல் மட்டத்திலிருந்து 540 மீட்டர் உயரத்தில் உள்ள ஹைதராபாத்தில் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் மாவுக்கு அது தாராளம். அரைக் கரண்டி சோள மாவு சேர்ப்பவர்களும் உண்டு. இரானி ஹோட்டல்களில் தேநீருக்காக நெடுநேரம் சுண்டக் காய்ச்சும் பால் இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். அதன் கெட்டித்தன்மையே துகள்களைத் தாங்கும். பாட்டிலில் அடைத்த சாக்லேட் பால் வாரக்கணக்கில் படியாமல் நிற்பது வேறு கதை. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்க்கப்படும் காராஜீனன், பாலின் கேசின் புரதத்தோடு கைகோத்து கண்ணுக்குத் தெரியாத வலை பின்னித் துகள்களைப் பிடித்துவைக்கிறது. செம்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் அது. ராமநாதபுரம் கடற்கரையில் மிதவை கட்டி வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசி அதற்கான மூலங்களில் ஒன்று.

தூளுக்குப் பதிலாகச் சாக்லேட் கட்டியையே பாலில் உருக்குவோருக்குச் சிக்கல் தலைகீழாக வரும். சாக்லேட் என்பது கொழுப்புக்குள் சர்க்கரையும் கோகோவும் மிதக்கும் பொருள். அதில் நீர் கிடையாது. உருகிய சாக்லேட்டில் ஒரே ஒரு கரண்டி பாலை விட்டால் சர்க்கரை மணிகளின் மேற்பரப்பு மட்டும் ஈரமாகி, ஒன்றோடொன்று ஒட்டி, முழுவதும் கரடுமுரடாக இறுகிவிடும். பயந்து அடுப்பை அணைப்பவர்கள் தோற்கிறார்கள். தயங்காமல் இன்னும் பாலைச் சேர்த்துக் கலக்கினால் சர்க்கரை கரையும், கொழுப்பு சிறு துளிகளாக உடைந்து பாலுக்குள் சிதறும், கேசின் அந்தத் துளிகளைப் போர்த்திக் காக்கும். உறையில் 'காம்பவுண்ட்' என்றிருந்தால் கோகோ கொழுப்புக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு என்று பொருள். அதில் செய்த பானம் ஆறும்போது மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். வெல்லம் போட விரும்புவோர் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு போட வேண்டும். கொதிக்கும் பாலை வெல்லம் திரித்துவிடக்கூடும்.

உடல்நலக் கதைகளுக்கு வந்தால், கோகோவில் உள்ள ஃபிளவனால்கள் என்ற வேதிப்பொருள்கள் இதயத்தைக் காக்கும் என்ற பேச்சு இருபது ஆண்டுகளாக ஓடுகிறது. இதை முறையாகச் சோதித்த காஸ்மாஸ் ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. 21,442 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் ஃபிளவனால் கொண்ட கோகோ சாறு மொத்த இதயநோய் நிகழ்வுகளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. இதயநோய் மரணங்கள் மட்டும் எண்ணிக்கையில் குறைந்தன. ஆனால் அது ஆய்வின் முதன்மைக் கேள்வி அல்ல. கொடுக்கப்பட்டது மாத்திரை வடிவச் சாறு, பாலும் சர்க்கரையும் சேர்ந்த பானம் அல்ல. போதாக்குறைக்கு, பலமாகக் காரமூட்டிய தூளில் இயற்கைத் தூளில் உள்ள ஃபிளவனாலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ட்ரிங்கிங் சாக்லேட் டப்பாவின் மூலப்பொருள் பட்டியல் எடை வரிசையில் அச்சிடப்படுவது. முதலில் வரும் சொல் பெரும்பாலும் சர்க்கரையாகவே இருக்கும். குன்னூரில் பிறந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சர்க்கரையைக் குறைக்கத்தான் சொல்கிறது. சர்க்கரை சேராத வெறும் கோகோ தூள் வாங்கினால் அளவைக் குடிப்பவரே தீர்மானிக்கலாம், விலையும் மலிவு.

தூளை வைத்திருக்கும் முறையும் ஹைதராபாத்தில் கவனிக்க வேண்டியது. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சமையலறை அலமாரியிலேயே கோகோ கொழுப்பு உருகி, இரவில் மீண்டும் உறைந்து, துகள்களை ஒட்டவைத்துவிடும். இந்தக் கட்டிகளை விரலால் நசுக்கினால் பொடிந்துவிடும்; சலித்தால் பழைய தூள் திரும்பிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துத் திறந்தால் காற்றின் ஈரம் தூளில் படிந்து இறுகும் கட்டி அப்படியல்ல, பூஞ்சையையும் கூட்டிவரும். இறுக மூடிய டப்பா, அடுப்புக்கு எட்டாத இருண்ட அலமாரி, உலர்ந்த கரண்டி போதும்.