வாசலைத் தாண்டாத நாய்க்கும் ரேபிஸ் ஊசி வேணுமா?

"எங்க டாமி வாசலைக்கூடத் தாண்டாது. அதுக்கு எதுக்கு ஊசி?" நாய் வளர்க்கும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. கூடவே ஒரு பயமும் உண்டு: "ஊசி போட்டு ஏதாவது ஆயிட்டா?" ரெண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு எப்படி வரும்?

ரேபிஸ், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வைரஸ் நோய். நோயுள்ள விலங்கின் எச்சில் காயத்தில் படும்போது பரவுகிறது. உங்கள் நாய் தெருவுக்கே போகாவிட்டாலும், கேட் இடுக்கில் மூக்கை நீட்டும்போது தெருநாய் கடிக்கலாம். மாடிக்கு வரும் பூனையோ தோட்டத்துக்கு வரும் கீரியோ கடிக்கலாம். அடர்ந்த முடிக்குள் இருக்கும் சின்னப் பல் தடம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

கடிபட்ட உடனே நோய் தெரியாது. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். இதில் பெரிய சிக்கல் என்னன்னா, அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே நாயின் எச்சிலில் வைரஸ் வந்துவிடும். பார்க்க நல்லா ஓடியாடும் நாய், குழந்தையின் முழங்கால் சிராய்ப்பை நக்கினாலும் ஆபத்துதான். அறிகுறி வந்துவிட்டால் நாயைக் காப்பாற்ற வழியில்லை. மனிதர்களுக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதர்களுக்கு இது பரவுவது 99 சதவீதம் வரை நாய்கள் மூலமே.

ஊசியால் ஆபத்து உண்டா?

நாய்களுக்கு இங்கே போடப்படும் ரேபிஸ் தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதனால் ஊசியால் ரேபிஸ் வராது. ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், சாப்பாட்டில் ஆர்வமின்மை, ஊசி போட்ட இடத்தில் வலி அல்லது சின்னக் கட்டி வரலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, தொடர் வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை கடுமையான ஒவ்வாமையின் அடையாளங்கள். இது அபூர்வம், வந்தால் பொதுவாக சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்துக்குள் தெரியும். அதனால் ஊசி போட்டதும் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே காத்திருங்கள். உடனே கவனித்தால் சிகிச்சை உண்டு. முன்பு ஒவ்வாமை வந்திருந்தாலோ, நாய்க்கு இப்போது உடம்பு சரியில்லை என்றாலோ கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிடுங்க. தேவைப்பட்டால் அவர் தேதியைத் தள்ளி வைப்பார். அப்படித் தள்ளி வைத்த தேதியை மறந்துவிடக் கூடாது.

எப்போது போடணும்?

பொதுவாக 3 மாதத்தில் முதல் ஊசி. பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் பூஸ்டர், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. முதல் ஊசி போட்டதும் எதிர்ப்பு சக்தி வந்துவிடாது. சில வாரங்கள் ஆகும். அதுவரை குட்டியைத் தெருநாய்களிடம் விடாதீர்கள். தெருவில் இருந்து எடுத்து வந்த குட்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. அது ஏற்கனவே கடிபட்டிருக்கலாம். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்கவும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

ஊசி போட்ட நாய் கடித்தால்?

"நம்ம நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அதுக்காக உங்கள் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் நாயின் தடுப்பூசி அட்டை வீட்டில் எங்கேயோ இருக்கும். இன்னைக்கே எடுத்து கடைசித் தேதியைப் பாருங்க. ஒரு வருடம் தாண்டிவிட்டதா? நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிட்டுப் போயிடுங்க.