ஆண் புழு எதற்கு?

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், விஷயம் சின்னதுதான். ஒரு மில்லிமீட்டர் நீளம். அழுகிய பழத்திலும் மட்கிய தண்டிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. 1960-களில் சிட்னி பிரென்னர் தன் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த புழு இது. அந்த ஆராய்ச்சி 2002-இல் நோபல் பரிசு வரை போனது. எனக்கென்னவோ நோபலைவிட இதன் குடும்ப விவகாரம்தான் சுவாரஸ்யம்.

இந்த இனத்தில் பெண் கிடையாது. இருபாலி உண்டு, ஆண் உண்டு, அவ்வளவுதான். இருபாலியின் உடம்பு பார்வைக்குப் பெண் உடம்பேதான். ஆனால் பருவத்துக்கு வரும் முன்பே சுமார் 300 விந்தணுக்களைத் தயாரித்து உள்ளே சேமித்துக்கொள்கிறது. பிறகு அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டு, கருமுட்டை மட்டும் தயாரிக்கிறது. ஒவ்வொரு முட்டையும் விந்துப்பையைக் கடக்கும்போது கருவுறும். சேமிப்பு தீர்ந்தால், அதற்குப்பின் வரும் முட்டைகள் வீண். அப்படியானால் இன்னும் கொஞ்சம் விந்தணு செய்துகொள்ளக் கூடாதா? செய்யலாம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், முதல் முட்டை தள்ளிப்போகும். அதிக விந்தணு செய்யும் மரபுப் பிறழ்வு கொண்ட புழுவுக்கு வாரிசு அதிகம்தான். ஆனாலும் இனம் பெருகும் வேகத்தில் அது சாதாரணப் புழுவிடம் தோற்றதை 1991-லேயே காட்டிவிட்டார்கள்.

இரண்டு இருபாலிகள் தமக்குள் கூட முடியாது. கலப்பு வேண்டுமென்றால் ஆண்தான் வழி. இருபாலிக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. தன்கருவுறுதலில் எப்போதாவது ஒரு எக்ஸ் தவறிப்போனால் ஆண் பிறக்கும், ஆயிரத்தில் ஒன்றிரண்டு. ஆணோடு கூடிப் பிறப்பவற்றிலோ பாதி ஆண்.

இதன் முன்னோர்களில் ஆண், பெண் என்ற வழக்கமான ஏற்பாடுதான் இருந்தது. இந்தப் பேரினத்தில் எலிகன்ஸ், பிரிக்ஸே, டிராபிகாலிஸ் என்ற மூன்று இனங்களும் தனித்தனியாகத் தன்கருவுறுதலுக்கு மாறின. அவ்வளவு எளிதா என்று தோன்றும். 2009-இல் ரெமானி என்ற ஆண்-பெண் இனத்தில் இரண்டே மரபணுக்களின் செயலைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒன்றைக் குறைத்ததும் பெண் உடலில் விந்தணு உருவானது. மற்றதையும் குறைத்ததும் அந்த விந்தணு விழித்து வேலையில் இறங்கியது. பெண் தானாகவே கருவுற்றது.

ஆண் அரிதானால் ஆணுக்கான மரபணுக்களும் தேயும். கூடியபின் வேறு ஆண் நெருங்காதபடி பசைபோன்ற அடைப்பை வைத்துவிட்டுப் போவது ஆண்களின் பழைய தந்திரம். ஆய்வகங்களில் எங்கும் வளரும் பிரிஸ்டல் வகை ஆண்களுக்கு அது மறந்தேபோனது. தாவும் மரபணுத்துண்டு ஒன்று உரிய மரபணுவுக்குள் புகுந்து கெடுத்துவிட்டது.

அப்புறம் ஆண் எதற்கு? 2011-இல் அமெரிக்காவில் லெவி மாரனும் குழுவினரும் செராஷியா என்ற நோய்க்கிருமியைப் புழுக்களோடு சேர்த்து வளர்த்தார்கள். புழு மாற மாறக் கிருமியும் மாறும்படி ஏற்பாடு. அந்த நெருக்கடியில் சாதாரணப் புழுக்களிடையே ஆணோடு கூடுவது வேகமாக ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. தன்கருவுறுதலைத் தவிர வேறு வழியே இல்லாதபடி மாற்றப்பட்ட புழுக்கள் 20 தலைமுறைக்குள் பூண்டோடு அழிந்தன.