முட்டி வீக்கம் வடிந்துவிட்டது, அப்புறம்?

கூடைப்பந்து ஆடும் கல்லூரிப் பிள்ளைகள் முட்டியைக் கெடுத்துக்கொள்ளும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். யாரும் இடித்திருக்க மாட்டார்கள். ரீபவுண்டுக்கு எகிறி இறங்கும்போதோ, ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போதோ உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். முட்டிக்குள் குறுக்கே ஓடும் ஏ.சி.எல். தசைநார் அறுந்திருக்கலாம் என்று அப்போதே சந்தேகப்பட வேண்டும். பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம்.

அடுத்து நடப்பதும் மாறுவதில்லை. பி.டி. சார் ஸ்பிரே அடிப்பார். வீட்டில் புத்தூர் கட்டுக்கு வண்டி பிடிப்பார்கள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். தசைநார் அறுந்ததைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். சில வாரங்களில் வீக்கம் வடியும், மண்டலப் போட்டி வரும், பிள்ளை மறுபடி களமிறங்கும். முட்டி நழுவும். இந்த முறை எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழியும்.

அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய பெய்ஜ் பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் இடது முட்டியில் ஏ.சி.எல். அறுந்தது. அணியின் முதல் நட்சத்திரம் அவர். இருந்தும் 2022-23 பருவம் முழுக்க உட்காரவைத்தார்கள். 2023 நவம்பரில்தான் திரும்பினார். 2025 ஏப்ரலில் அந்த அணி தேசிய சாம்பியன். அதே மாதம் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக டல்லாஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. இங்கே ஆறாம் மாதமே ‘என்னப்பா, இன்னும் ரெஸ்டா?’ என்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம்வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2016இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு சொல்கிறது.

இனி காகிதம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காட்டி, விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்து, ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்க வேண்டும். ‘முட்டி வலி’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ‘கல்லூரி அணிக்காகக் கூடைப்பந்து ஆடும்போது’ என்பதும் தேதியும் இருக்க வேண்டும். பி.டி.யிடம் அன்றைய ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தின் நகலையும் வாங்கிவிட வேண்டும். பல கல்லூரிகள் ஆண்டுக் கட்டணத்தோடு விபத்துக் காப்பீட்டுக்கும் பணம் பிடிக்கின்றன. பெற்றோருக்கு அது தெரிவதே இல்லை. அலுவலகத்தில் பாலிசி எண்ணைக் கேளுங்கள். ‘பார்த்துச் சொல்றோம்’ என்று அலையவிட்டால் முதல்வருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். காயத்தைத் தெரிவிக்கக் கெடு உண்டு. கெடு தாண்டினால் அசல் பில்கள் கையில் இருந்தும் பணம் வராமல் போகலாம்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. செய்யப்போகும் சிகிச்சை பட்டியலில் உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டு, முன்னனுமதி வந்த பிறகே அட்மிட் ஆக வேண்டும். கையிலிருந்து காசு கட்டிவிட்டுப் பின்னால் வந்து கேட்டால் கிடைக்காது. திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது: முன்னனுமதி முதலில், அறுவை சிகிச்சை பிறகு.

வருகைப்பதிவும் தலைவலிதான். பல பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் இல்லாமல் தேர்வெழுத முடியாது. கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றோடு கண்டோனேஷன் கேட்கலாம். ஹால் டிக்கெட் நேரத்தில் ஓடாமல், டிஸ்சார்ஜ் ஆன வாரமே துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, ஃபிட்னஸ் சர்டிபிகேட். தெருமுனை கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் ‘ஃபிட்’ என்று எழுதித் தருவார்கள். அதை வாங்கி ஃபைலில் சொருகும் பி.டி.க்களும் இருக்கிறார்கள். அறுவை செய்த மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ தொடை வலுவையும் ஒற்றைக்கால் தாண்டலையும் சோதித்து, அடிபட்ட கால் மற்றக் காலில் 90 சதவீதமாவது எட்டியதாக எழுதிக் கையெழுத்திட்ட தாள் வரும்வரை அணிப் பட்டியலில் பெயரைச் சேர்க்கக் கூடாது.