எஞ்சினைப் பிரிக்கும் முன் எழுத்தில் வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஹோண்டா சி70, யமாஹா ஆர்எக்ஸ்-ஸெட் வைத்திருப்போர், "கம்ப்ரஷன் போய்விட்டது" என்ற பட்டறைச் சொல்லை மட்டும் நம்பி, எந்த அளவையும் கேட்காமல் சிலிண்டரைக் கடைய ஒப்புக்கொள்வது இன்னும் நிற்கவில்லை. கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலேறும்போது எரிபொருள் கலவை நெருக்கப்படுவதாகும்; 47 மி.மீ. சிலிண்டர் விட்டமும் 41.4 மி.மீ. பிஸ்டன் வீச்சும் கொண்ட சி70இல் கலவை நெருக்கப்படும் விகிதம் 8.8க்கு 1. விகிதம் வடிவமைப்பில் அமைந்தது. தேய்மானத்தால் குறைவது அழுத்தமே.

அதை அளக்க, சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றி அழுத்தமானியைப் பொருத்தி, திராட்டலை முழுவதும் திறந்து, முள் மேலும் ஏறாமல் நிற்கும் வரை கிக்கரை மிதிக்க வேண்டும். திராட்டல் மூடியிருந்தால் போதிய காற்று புகாமல் நல்ல எஞ்சினும் பழுதெனத் தோன்றும். பிறகு சி70இன் சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கையில் அழுத்தம் ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன, ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ ஐயுற வேண்டும். குளிர்ந்த சி70இல் வால்வு இடைவெளி 0.05 மி.மீ. இருக்க வேண்டும், அது இறுகியிருந்தாலும் அழுத்தம் கசியும், ஆனால் அதைச் சரிசெய்ய எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. கடைந்த சிலிண்டர் பழைய அளவுக்குத் திரும்பாது என்பதால், இரு அழுத்த அளவுகளும் ரசீதில் எழுதப்படாமல் எஞ்சினைத் திறக்க விடக் கூடாது.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை தக்க கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. விலை முன்பே பேசப்படாதபோது நியாயமான விலைக்கு மேல் தர வேண்டியதில்லை என்பது 56ஆம் பிரிவு. இவை மீறப்பட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தை நிரப்பி, 5 ரிங்கிட் கட்டணத்துடன், மூன்று ஆண்டுகளுக்குள், 50,000 ரிங்கிட் வரை, வழக்கறிஞரின்றியே கோரலாம். பாரத்தில் பெயர்ப்பலகைப் பெயரை எழுதிவிட்டு அலைவோர் பலர். பட்டறையின் பதிவுப் பெயரை பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலிலுள்ள மலேசிய நிறுவன ஆணையத்தில் முதலில் தேடிப் பெற வேண்டும். கழற்றிய பிஸ்டன், ரிங், பழைய கேஸ்கெட் ஆகியவற்றைத் திரும்பப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். மீண்டும் சொல்ல வேண்டியது: அளவு எழுதிய ரசீதின்றி வாய்மொழியை மட்டும் நம்பி வழக்காடுவது மிகக் கடினம்.

வணிகரல்லாத தனிநபரிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் குறித்த புகாரை இந்த நடுவர் மன்றம் ஏற்காது. அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்குக்குரிய 198ஆம் பாரத்தையே நாட வேண்டும்.