சின்னசேலத்து விலையை ஏ.ஐ.யிடம் கேட்டால்…

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலத்தில் இன்று மக்காச்சோளம் என்ன விலை? ஒரு விவசாயி செல்போனில் இப்படிக் கேட்டால், இன்றைய ஏ.ஐ. ஏஜென்ட் தன் நினைவை மட்டும் நம்பிப் பதில் சொல்வதில்லை. வெளியில் இருக்கும் ஒரு மென்பொருள் கருவியை அழைத்து, அது தரும் விவரத்தை வாங்கிச் சொல்கிறது. எந்தக் கருவியை அழைப்பது, அதனிடம் எப்படிக் கேட்பது என்பதற்கெல்லாம் அதற்குப் பெரிதும் துணை நிற்பது, கருவியைச் செய்தவர் எழுதி வைத்த சில வரி விளக்கம்தான்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ (எம்.சி.பி.) இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பொது வடிவம் கொடுத்தது. கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்குக் கொடுக்க வேண்டிய தகவல்கள் ஆகிய மூன்றும் இருந்தால் ஏஜென்ட் அதைப் பயன்படுத்தலாம். 2025இல் ஓப்பன்ஏஐயும் கூகுளும் இதை ஏற்றுக்கொண்டன. வடிவம் கிடைத்துவிட்டது, அதற்குள் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் நாடு முழுவதுமுள்ள சந்தைகளின் அன்றாட விலை கிடைக்கிறது. அதை எடுத்துத் தரும் கருவிக்கு ‘சந்தை விலையைத் தரும்’ என்று மட்டும் எழுதினால் எழுதியவருக்குப் புரியும், ஏஜென்டுக்குப் போதாது. அது ஒரு கிலோ விலையா, குவிண்டால் விலையா? ஒரு பயிருக்கு மூன்று விலை வருகிறதே, எதைச் சொல்வது? பயன்படும் விளக்கம் இப்படி இருக்கும்:

“மாநிலம், மாவட்டம், சந்தை, பயிர் கொடுத்தால், அன்று பதிவான குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் விற்ற விலை ஆகியவற்றைத் தரும். விலை ரூபாயில், ஒரு குவிண்டாலுக்கு (100 கிலோ). பதிவு இல்லை என்று வந்தால் விலை பூஜ்யம் என்று பொருள் அல்ல. கடைச் சில்லறை விலைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதுவதே இல்லை. கருவி எதற்கு உதவாது என்று சொல்லாவிட்டால், ஏஜென்ட் அதை எல்லாவற்றுக்கும் எடுத்துப் பார்க்கும். அதே அரசுத் தளம் தரவை எடுக்கத் தரும் மாதிரிச் சாவியில் (ஏ.பி.ஐ. கீ) 10 பதிவுகள்தான் வரும். இதையும் எழுதி வைக்காவிட்டால், வந்த பத்தே மொத்தம் என்று அது முடிவு கட்டிவிடும்.

ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரிந்தவற்றைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. அந்தக் கணக்கில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தேடும் ஏஜென்ட் வெறுங்கையோடு திரும்பும். ‘பிரிவதற்கு முந்தைய விவரங்களை விழுப்புரம் மாவட்டத்தில் பார்க்கவும்’ என்ற ஒரு வரி போதும், அது சரியான இடத்துக்குப் போய்விடும்.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலைக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறையும். மாவட்டத்தின் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளும் வானிலைக் கருவி, கீழே உள்ள நகரத்தின் வெயிலை மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கும் சொல்லிவிடும். ‘ஓப்பன்-மீட்டியோ’ என்ற வானிலைச் சேவை அட்சரேகை, தீர்க்கரேகையைக் கேட்கிறது, உயரத்தையும் கொடுக்கலாம். ஆனால் நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது கிரீன்விச் நேரத்தில் பதில் தரும். அப்போது அதன் ஒரு நாள், நமக்குக் காலை 5.30க்குத் தொடங்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையோ காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தை ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து ‘நேற்றைய மழை’ என்று ஏஜென்ட் சொன்னால், தவறு அதனுடையது என்று சொல்ல முடியாது.

சில சமயம் விளக்கத்தைத் திருத்துவதைவிடக் கருவியையே திருத்துவது நல்லது. ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் நிரல் எழுதும் ஏஜென்ட் ஒன்றைச் சோதித்தபோது, அது வேறொரு கோப்புறைக்குள் போனதும் கோப்புகளின் பாதையைத் தவறாகக் கொடுத்தது. எப்போதும் முழுப் பாதையைத்தான் கொடுக்க வேண்டும் என்று கருவியை மாற்றினார்கள். அந்தப் பிழை நின்றது. ஊர்ப் பெயர்களிலும் இதையே செய்யலாம். கள்ளக்குறிச்சியை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவார்கள். பெயருக்குப் பதில் மத்திய அரசின் உள்ளாட்சி அமைப்புகள் கோப்பகத்தில் உள்ள குறியீட்டு எண்ணைக் கருவி கேட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

விலை பார்ப்பது ஒரு வகை, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் போடுவது வேறு வகை. முதலாவதில் பிழை வந்தால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம்; இரண்டாவதில் ஒருவருடைய நிலம் இருக்கிறது. கருவி விவரத்தை வாசிக்க மட்டுமா, மாற்றவும் செய்யுமா என்று குறிப்பதற்கு எம்.சி.பி.யில் தனி இடமே உண்டு.

இந்த விளக்கங்களை மென்பொருள்காரர் மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை போடுகிறவரும், மலையில் மரவள்ளி பயிரிடுகிறவரும் படித்துப் பார்த்தால் விடுபட்டவை தெரியவரும். பிறகு திருக்கோவிலூர் உளுந்து விலை, வெள்ளிமலையில் நாளைக் காலை குளிர் என்று மக்கள் கேட்கும் கேள்விகளையே ஏஜென்டிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அது எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் விளக்கத்தில் ஒரு வரி குறைகிறது.